அரை பேண்ட், 45 புள்ளி

கனடாவின் எக்ஸ்பிரஸ் என்ட்ரி பற்றிப் பேச்சு வந்தால் நம்ம ஆட்கள் முதல்ல கேக்குறது, "என் வேலை லிஸ்ட்ல இருக்கா?" அங்கே பதவியின் பெயரைப் பார்ப்பதில்லை. கம்பெனி கடிதத்தில் இருக்கும் பணிகள் அந்த வேலைக்குறியீட்டுக்குப் பொருந்துகிறதா என்றுதான் பார்க்கிறார்கள். வெறும் 'டீம் லீட்' என்ற கடிதம் உதவாது.

ஆனா பலருக்கு அடி விழுவது மொழியில். ஐஇஎல்டிஎஸ்ஸில் கேட்டல் 8, வாசிப்பு 7, பேச்சு 7, எழுத்து மட்டும் 6.5 என்று வைத்துக்கொள்வோம். எழுத்தில் 7 என்றால் கனடிய மொழித்தரம் 9, 6.5க்கு 8தான். தனியாக விண்ணப்பிப்பவருக்கு 31 புள்ளி 23 ஆகிறது. எட்டுதானே போச்சு?

இல்லை. நான்கு திறனிலும் 9 இருந்தால்தான் ஒற்றைப் பட்டத்துக்கான கூடுதல் புள்ளி 13லிருந்து 25 ஆகும். கனடாவுக்கு வெளியே 3 வருட அனுபவத்துக்கு 25லிருந்து 50 ஆகும். சராசரி எடுபடாது, நம்ம பாஷையில சொன்னா, ஆண்ட் கண்டிஷன். மொத்த நஷ்டம் 8+12+25, அதாவது 45.

முப்பதுகளில் வயது ஒன்று ஏறினால் 5, 6 புள்ளி குறையும். அந்த அரை பேண்ட், கிட்டத்தட்ட எட்டு வயசு.