பன்றிக்கு நாலு நாள்... கொசுவுக்கு ஆயுள் முழுக்க! மூளைக்காய்ச்சல் வைரஸின் கணக்கு

கும்மிடிப்பூண்டி சிப்காட்டைத் தாண்டி மெயின் ரோட்டை விட்டு இறங்கினால் வயல்வெளிதான். ஒரு பக்கம் ஆலைகளின் புகைபோக்கி, மறுபக்கம் நடவு முடிந்த வயலில் வரிசையாக நிற்கும் கொக்குகள். இன்னும் கிழக்கே போனால் பழவேற்காடு ஏரி. அங்கே பறவைகளுக்குப் பஞ்சமே இல்லை. தெருவில் மாடுகள், ஊர் ஓரக் குப்பைமேட்டில் பன்றிகள்.

இந்தக் கொக்கு, பன்றி, மாடு, மனிதர் எல்லாரையும் கடிக்கிற கொசு ஒன்று உண்டு. க்யூலெக்ஸ் இனத்தைச் சேர்ந்தது. நெல் வயலில் தேங்கும் தண்ணீரில் முட்டையிட்டு, பொழுது சாய்ந்ததும் கிளம்பி வரும். ஜப்பானிய மூளைக்காய்ச்சல் வைரஸைச் சுமப்பது இதுதான்.

பெயரில்தான் ஜப்பான். நமக்கு இது பழைய கதை. 1952-ல் நடந்த ரத்தப் பரிசோதனை ஆய்வில், அன்றைய செங்கல்பட்டு மாவட்ட மக்களின் ரத்தத்திலேயே இந்த வைரஸுக்கு எதிரான ஆன்டிபாடிகள் கிடைத்தன. இன்றைய திருவள்ளூர் மாவட்டத்தின் பெரும்பகுதி அப்போது செங்கல்பட்டோடுதான் இருந்தது. மூன்று வருடம் கழித்து, 1955-ல், பக்கத்து வட ஆற்காடு மாவட்டக் குழந்தைகளிடம் இந்த நோய் அடையாளம் காணப்பட்டது. இந்தியாவிலேயே அதுதான் முதல் முறை. கண்டுபிடித்தது வேலூரில்.

யோசித்துப் பாருங்கள். நோய் கண்ணில் படுவதற்கு முன்பே, வைரஸ் வந்து போன தடயம் ரத்தத்தில் இருந்திருக்கிறது. காரணம், இந்த வைரஸை உடம்பு பெரும்பாலும் சத்தமில்லாமல் துடைத்து எறிந்துவிடும்.

எப்படித் துடைக்கிறது? கொசு கடித்ததும் வைரஸ் தோலுக்கு அடியில் இருக்கும் செல்களில் நுழைந்து பெருகுகிறது. அங்கிருந்து நெறிக்கட்டும் நிணநீர் முடிச்சுகளுக்கும், பிறகு ரத்தத்துக்கும் போகிறது. தாக்கப்பட்ட செல்கள் இன்டர்ஃபெரான் என்ற பொருளைச் சுரந்து அக்கம்பக்கத்து செல்களை உஷார்படுத்தும். அது முதல் காவல். அடுத்த சில நாட்களில் ஆன்டிபாடிகள் தயாராகி, ரத்தத்தில் மிதக்கும் வைரஸைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். பிடிபட்டதை ஈரலிலும் மண்ணீரலிலும் உள்ள விழுங்கும் செல்கள் தின்று தீர்த்துவிடும். ரத்தம் சுத்தம்!

சரி, எல்லா உயிரும் இப்படித்தானே செய்கிறது, பிறகு பன்றியை மட்டும் ஏன் குறை சொல்கிறார்கள்?

வித்தியாசம் அளவில். பன்றியின் ரத்தத்திலும் வைரஸ் இரண்டு முதல் நான்கு நாட்கள்தான் இருக்கும். ஆனால் அந்த நாலு நாளில் அது எக்கச்சக்கமாகப் பெருகிவிடும். அப்போது கடிக்கிற கொசுவுக்குள் வைரஸ் போய்விடும். கொக்கு, நாரை வகைப் பறவைகளிலும் இதே கதைதான். பன்றி பெரும்பாலும் சோர்ந்துகூடப் படுக்காது. சினைப் பன்றிக்குத்தான் ஆபத்து, குட்டிகள் செத்துப் பிறக்கும். 2022-ல் ஆஸ்திரேலியப் பண்ணைகளில் இந்த வைரஸ் பரவியது தெரியவந்ததே இப்படிப் பிறந்த குட்டிகளால்தான்.

ஐந்தாம் நாள் பன்றி தேறிவிடும், எதிர்ப்பு சக்தியும் நிலைத்துவிடும். கொசு அப்படியில்லை. ஒன்றிரண்டு வாரத்தில் வைரஸ் அதன் எச்சிலுக்கு வந்துவிடும், பிறகு சாகும்வரை போகாது. பன்றி தன்னைச் சுத்தம் செய்துகொண்டதால் பன்றிக்கு லாபம். பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு அதனால் பிரயோஜனம் இல்லை. போதாததற்கு, பன்றி ஒரே ஈற்றில் பத்துக் குட்டிகூடப் போடும். சீம்பாலில் கிடைத்த பாதுகாப்பு சில மாதங்களில் தீர்ந்ததும், அந்தக் குட்டிகள் வைரஸுக்குப் புதுக் களம்.

மாடு இதற்கு நேர் எதிர். இந்தக் கொசுவுக்கு மாட்டு ரத்தம் என்றால் உயிர். ஆனால் மாட்டின் உடம்பில் வைரஸ் கொசுவுக்குத் தொற்றும் அளவுக்குப் பெருகுவதில்லை. பயணம் அங்கேயே முடிகிறது. ‘அப்படியானால் வாசலில் மாடு கட்டினால் போதுமே’ என்று அவசரப்பட வேண்டாம். மாட்டு ரத்தம் குடித்த கொசு முட்டையிட்டுப் பெருகும் அல்லவா? தொழுவம் படுக்கை அறையிலிருந்து தள்ளியே இருக்கட்டும்.

மனிதரும் மாட்டைப் போல ஒரு முட்டுச்சந்துதான். நம் ரத்தத்தில் வைரஸ் குறைவாக, கொஞ்ச நேரமே தங்கும். மூளைக்காய்ச்சல் அறிகுறி தெரியும்போது ரத்தத்தில் வைரஸ் பெரும்பாலும் காலி. அதனால்தான் டாக்டர்கள் வைரஸைத் தேடாமல், ரத்தத்திலும் முதுகுத்தண்டு நீரிலும் ஆன்டிபாடியைத் தேடுகிறார்கள். இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும்: இந்த நோய் வந்த குழந்தையிடமிருந்து இன்னொரு குழந்தைக்குத் தொற்றாது. அந்த வீட்டை ஒதுக்கி வைப்பது அநியாயம்.

தொற்றியவர்களில் சுமார் 250 பேரில் ஒருவருக்குத்தான் நோய் கடுமையாகும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஆனால் அப்படி ஆனவர்களில் 30 சதவிகிதம் வரை உயிரிழக்கலாம். பிழைத்தவர்களிலும் 20 முதல் 30 சதவிகிதம் பேருக்கு நிரந்தர பாதிப்பு தங்கிவிடுகிறது. வைரஸை ஒழிக்கத் தனி மருந்து கிடையாது. தடுப்பூசி உண்டு. நோய் அதிகமுள்ள மாவட்டங்களில் 9-வது மாதத்திலும், 16 முதல் 24 மாதத்துக்குள்ளும் அரசே இலவசமாகப் போடுகிறது. உங்கள் ஊருக்கு உண்டா என்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். திடீர்க் காய்ச்சலோடு வலிப்போ, வாந்தியோ, குழப்பமான பேச்சோ வந்தால் கை வைத்தியம் பார்க்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

வயலுக்கும் ஒரு வழி இருக்கிறது, நம் விவசாயிகளுக்குத் தெரிந்ததுதான். காய்ச்சலும் பாய்ச்சலுமாகத் தண்ணீர் கட்டுவது. வயல் இடையிடையே காய்ந்தால் கொசுப்புழு சாகும், தண்ணீரும் மிச்சம்.

டெங்குவை இதோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். அதற்குப் பன்றியும் வேண்டாம், கொக்கும் வேண்டாம். அங்கே பன்றியின் வேலையைச் செய்வது நாம்தான்! காய்ச்சலுக்கு ஓரிரு நாள் முன்பிருந்து, காய்ச்சல் வந்து சுமார் ஐந்து நாள் வரை நம் ரத்தத்தில் வைரஸ் நிறைந்திருக்கும். கடிக்கிற ஏடிஸ் கொசு பகலில் வரும், வீட்டு டிரம்மிலும் பழைய டயரிலும் வளரும். ஷிஃப்ட் மாற்றி ஒரே அறையில் ஏழெட்டுப் பேர் தூங்கும் வீடுகள் சிப்காட்டைச் சுற்றி உண்டு. அங்கே ஒருவருக்கு டெங்கு என்றால், பகலிலும் கொசுவலைக்குள் படுக்க வேண்டியவர் முதலில் அவர்தான்.