'யாருப்பா நீ?'

இடுப்பெலும்பு ஆபரேஷன் முடிஞ்ச மறுநாள் தாத்தா உங்களைப் பார்த்து, 'யாருப்பா நீ?'ன்னு கேட்டா ஆடிப் போயிடாதீங்க. 'புத்தி பேதலிச்சிருச்சு'ன்னு பக்கத்து பெட்காரர் சொல்வார், நம்பாதீங்க! இதுக்குப் பேர் டெலிரியம். வலி, நோய்த்தொற்று, சில மருந்துகள்னு காரணம் எதுவாவும் இருக்கலாம். அதனால உடனே டாக்டர்கிட்ட சொல்லிடுங்க. பெரும்பாலும் சில நாள்ல தெளிஞ்சிடும்.

சிலருக்குத் தடுமாற்றம் நீளும். பெரிய ஆபரேஷன் செய்துகொண்ட, 60 வயசைத் தொட்ட 1,218 பேரிடம் நடந்த ஆய்வு 1998-ல் 'லான்செட்' இதழில் வந்தது. முதல் வாரம் நாலில் ஒருத்தருக்கு ஞாபகமும் யோசனையும் மந்தம். மூணு மாசத்தில் அது பத்தில் ஒருத்தராகக் குறைஞ்சது.

உங்க டியூட்டி? மூக்குக்கண்ணாடி, காது மெஷினை மாட்டிவிடுங்க. இன்னிக்கு என்ன கிழமைன்னு சொல்லுங்க. பகல்ல பேச்சு கொடுங்க. ராத்திரி தூங்கட்டும்... உங்க செல்போன் கடலையை காரிடார்ல வச்சுக்குங்க!