யப்பானிய வாளை இனங்காணல்

யப்பான் நாட்டுப் பழைய வாள் ஒன்று கைக்கு வந்ததும் அதன் வயதை அறிய ஆவல் எழுவது இயல்பு. ஆயினும், வாள்களைப் புதிதாகச் சேகரிக்க முற்படும் நேயர்கள் ஓர் உண்மையை மனத்திற் கொள்ளுதல் வேண்டும். பிடியும் உறையும் வாளுக்கு அணிவித்த உடையே. அவற்றின் வயதும் அலகின் வயதும் ஒன்றாயிருத்தல் வேண்டுமென்பதில்லை.

1876ஆம் ஆண்டில் மெய்ஜி அரசு, படையினர், பொலிசார் முதலியோர் தவிர ஏனையோர் வாள் தரித்தலைத் தடைசெய்தது. அக்காலப் படைவாள்கள் மேனாட்டுப் பாணியைத் தழுவியவை. விரல்களை மறைக்கும் வளைந்த உலோகக் காப்பு அவற்றின் அடையாளம். பொலிசாரின் வாளும் இவ்வடிவினதே. எனினும் ஒரு கைக்கே போதுமான சிறு பிடியும் மெலிந்த அலகும் பெரும்பாலும் அதனைக் காட்டிக்கொடுக்கும்.

1934இல் இராணுவ அதிகாரிகளுக்கெனப் பழைய சாமுராய் வாளின் சாயலில் புதிய வாள் வகுக்கப்பட்டது. தட்டையான காப்பும் நாடா பின்னிய நீண்ட பிடியும் அதற்குண்டு. மறு ஆண்டு, அதிகாரிகளுக்குக் கீழ்ப்பட்ட பதவியினருக்கு வந்த வாளிலோ, பின்னல்போல் உலோகத்தில் வார்த்த பிடியே உண்டு. அதன் அலகிலும் உறையிலும் தொடரிலக்கம் பொறிக்கப்பட்டிருக்கும். இரண்டும் ஒத்திருப்பின் அவை ஒரு தொகுதியாக வெளிவந்தவை எனலாம்.

அதிகாரிகளின் வாளிலேதான் ஐயம் மிகும். ஒருவர் ஆலையிற் செய்த அலகை ஏந்தினார். மற்றொருவர் மூதாதையரின் அலகையே படையுறையில் இட்டு ஏந்தினார். புறத்தோற்றத்தில் இரண்டும் ஒன்றே. மூங்கில் ஆணியைக் கழற்றிப் பிடியை நீக்கும்போது வெளிப்படும் அடித்தண்டே இங்கு சாட்சி. கொல்லரின் பெயரும் ஆண்டும் அதிற் காணப்படலாம். ஷோவா 18 என்றிருப்பின் 1925ஐக் கூட்டுக. 1943 எனப் பெறப்படும். ஷோவா என்னும் சிறு முத்திரை காணப்படின், அலகு மரபுமுறையில் உருவாகாதது எனக் கருதலாம். புகழ்பெற்ற கொல்லரின் பெயரைப் பொய்யாகப் பொறித்தலும் உண்டாதலால், பெயரை மட்டும் நம்பி விலை பேசுதல் கூடாது.

அடித்தண்டின் கருந்துருவைத் தேய்த்து மினுக்குதல் பெருந்தவறு. அத்துருவின் நிறத்தையும் தன்மையையும் கொண்டே அறிஞர் காலத்தைக் கணிப்பர். ஒரு பொழுதில் அழித்த அச்சான்றை எவராலும் மீட்கவியலாது. அலகிலும் அரத்தாள் படலாகாது. வெறுங்கை படுதலுந் தீது. மெல்லிய எண்ணெய் பூசி, தேர்ந்தவரிடம் காட்டும்வரை உள்ளவாறே காத்தலே சேகரிப்போரின் முதற் கடமை.