கந்தோர்ப் புத்தகங்கள் – 9: இரவல் போனதால் தப்பியவை

கல்முனைக் கரையில் எழுத்தாளர்களுக்குப் பஞ்சமில்லை. பெரியநீலாவணையில் நீலாவணன், மருதமுனையில் மருதூர்க்கொத்தன், பாண்டிருப்பில் சண்முகம் சிவலிங்கமும் உமா வரதராஜனும், கல்முனைக்குடியில் எம்.ஏ. நுஃமான், சாய்ந்தமருதில் அனார் என்று பஸ் நிற்கிற ஊரெல்லாம் ஒருவர் இருப்பார். பஞ்சம் அவர்களுடைய புத்தகங்களுக்குத்தான். எங்கள் சோலைக்கிளியின் ‘காகம் கலைத்த கனவு’ தொகுப்பை 1991இல் நோர்வேயின் சுவடுகள் பதிப்பகம் வெளியிட்டது. அனாரின் ‘எனக்குக் கவிதை முகம்’ 2007இல் நாகர்கோவிலிலிருந்து வந்தது. பக்கத்துத் தெருக் கவிஞரை வாசிக்கக் கந்தோரில் பக்கத்து மேசைக்காரரிடம் கை நீட்ட வேண்டிய நிலைமை.

நீலாவணன் 1975இல் காலமாகி ஏழு வருடம் கழித்து அச்சில் வந்த ‘வேளாண்மை’ காவியத்தை நான் ஓசைக்காக வாசித்தேன். எங்கள் கந்தோரில் சம்மாந்துறைக்காரர் ஒருவர், லீவு நாளெல்லாம் வயலில் நிற்பவர். அவருக்குக் கொடுத்தேன். கவிதைப் பக்கமே தலைவைக்காத மனிதர், கணக்குப் பரிசோதகர் மாதிரி வரிவரியாகப் பார்த்துவிட்டு வந்தார். “சரியாத்தான் எழுதிரிக்காரு சேர். ஆனா இது எங்கட வாப்பாட காலத்து வேளாண்மை. இப்ப களத்துக்கு மாடெங்க?” என்றார். அதற்குப் பிறகு அந்தப் புத்தகம் அவருடைய வீட்டிலேயே கிடந்தது. நானும் கேட்கவில்லை. அவரிடம் இருப்பதுதான் நியாயம்.

‘மூன்றாம் சிலுவை’யின் கதை வேறு. உமா வரதராஜனின் இந்த நாவல் 2009இல் வந்தது. கல்யாணம் முடித்த நடுத்தர வயதுக்காரர் ஒருவருடைய காதல். கந்தோரில் சும்மா இருக்குமா? பிரவுண் பேப்பர் உறை போட்டு, பைல்களுக்குக் கீழே மேசை மேசையாகப் போனது. “துணிச்சல்” என்றார் பாண்டிருப்புக்கார அண்ணன் ஒருவர். “வெட்கம் கெட்ட வேலை” என்றார் இன்னொருவர், முழுவதும் வாசித்து முடித்துவிட்டுத்தான். எனக்கு அந்த மொழிநடை பிடித்திருந்தது. கடைசியாக வாசித்த தங்கச்சி ஒருவர் புத்தகத்தை மேசையில் வைத்துவிட்டுக் கேட்டார்: “அந்தப் பொம்புளப் புள்ளட பக்கத்துக் கதைய ஆரு எழுதுற?” அந்த நாவலைப் பற்றி நான் கேட்டவற்றில் இந்த ஒரு கேள்விதான் இன்றைக்கும் நிற்கிறது. அனாரை எனக்கு இரவல் தந்தவரும் அவர்தான்.

இனி எங்கள் கந்தோரின் மருதமுனைக் காக்கா. புத்தகம் இரவல் கொடுப்பதில் மகா கஞ்சர். யாருக்கு, எப்போது, என்ன நிலையில் கொடுத்தார் என்று கொப்பியில் எழுதிவைப்பார். 2004 டிசம்பர் 26 காலையில் கடல் அவருடைய வீட்டையும் அலுமாரியையும் அந்தக் கொப்பியையும் சேர்த்துக் கொண்டு போனது. மிஞ்சியது எங்கள் லாச்சிகளில் கிடந்தவை மட்டும்தான். ஒவ்வொருவராகக் கொண்டுவந்து கொடுத்தோம். அவற்றில் ஒன்று, 1981இல் கல்முனை வாசகர் சங்கம் வெளியிட்ட நுஃமானின் மொழிபெயர்ப்பு, ‘பலஸ்தீனக் கவிதைகள்’. அட்டையில் யாரோ பிளேன்டீக் கோப்பை வைத்த வட்டம். அதை விரலால் தடவிப் பார்த்து, “முந்தியெண்டா ஏசிரிப்பேன்” என்றார்.

புத்தகத்தை அவர் வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை. கொண்டுபோக வீடும் இல்லை. “நீங்களே இன்னொருக்கா வாசிங்க” என்று என்னிடம் தந்தார். சுனாமிக்குப் பிறகு, கரையோரத்தில் வீடு கட்டக்கூடாத 65 மீற்றர் எல்லை பேசப்பட்ட நாட்களில் அதிலுள்ள மஹ்மூத் தர்வீஷின் கவிதைகளை மறுபடி வாசித்தேன். ‘நம்ம கதைதானே’ என்று பலர் அப்போது சொன்னார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஆக்கிரமித்தவனிடம் வீட்டைத் திருப்பிக் கேட்கலாம், அவன் பெயரைச் சொல்லி எழுதலாம். கடலிடம் என்ன கேட்பது? அந்தக் கவிதைகளின் கோபம் எங்களுக்குப் பொருந்தவில்லை; துக்கம் மட்டும் பொருந்தியது.

கடலுக்குத் தப்பினாலும் இப்படியான பிரதிகளைக் கறையான் விடாது. ஈழத்து நூல்களை ஸ்கேன் செய்து இணையத்தில் ஏற்றும் ‘நூலகம்’ 2005இலிருந்து இயங்குகிறது. கல்முனை, மருதமுனை, சாய்ந்தமருது வாசகர்களே, வாசகர் சங்க வெளியீடு ஏதாவது உங்கள் வீட்டில் கிடந்தால் அங்கே கொடுத்து உதவுங்கள். இரவல் வாங்கித் திருப்பிக் கொடுக்காத புத்தகமென்றாலும் பரவாயில்லை, யாரும் கேட்கமாட்டார்கள்.