கழுத்துக்குக் கத்தியா, படமா?

தலையிலும் கழுத்திலும் தோன்றும் புற்றுநோய்க்குக் கதிர்ச் சிகிச்சையும் மருந்தும் முடிந்தபின், நோய் ஒழிந்ததா, ஒளிந்திருக்கிறதா என்று அறிவது எளிதன்று. கதிர் பட்ட கழுத்து இறுகிவிடுகிறது. தழும்பும் மிச்ச நோயும் வைத்தியரின் கைக்கு ஒன்றுபோலவே தோன்றும்.

ஸி.டி. படம் முடிச்சின் உருவத்தையும் அளவையும் காட்டும். அதனுள் உயிருள்ள நோய் உண்டா என்பதை உறுதியாகச் சொல்லாது. நரம்பு வழியே மண்டையோட்டின் அடிப்பாகத்திற்கு ஊர்ந்து செல்லும் நோயைக் காண எம்.ஆர்.ஐ. மேலானது. பெட்-ஸி.டி.யின் வழியே வேறு. புற்றுநோய் அணுக்கள் சர்க்கரையை மிகுதியாக விழுங்குபவை. கதிரியக்கம் ஏற்றிய சர்க்கரையை உடலில் செலுத்தினால், அது சேருமிடம் படத்தில் ஒளிர்கிறது. ஆனால் கதிரினால் அழற்சி கொண்ட சதையும் சர்க்கரையை விழுங்குமாதலின், அவசரப்பட்டு எடுக்கும் படம் வீண் பீதியையே விளைவிக்கும். சுமார் 12 வாரம் பொறுத்தல் அவசியம்.

இப்பொறுமையின் பயனை, பிரிட்டனில் 564 நோயாளிகளைக் கொண்டு நடந்த ஆராய்ச்சி 2016-ல் வெளிப்படுத்தியது. ஒரு சாராருக்குக் கழுத்து முடிச்சுகளை அறுத்தெடுப்பதென்று முன்னரே ஏற்பாடு. மற்றச் சாராருக்கு 12 வாரங்கழித்துப் பெட்-ஸி.டி.; நோய் அடங்கவில்லையென்றோ, ஐயமென்றோ படம் காட்டினால் மட்டுமே கத்தி. முதற்சாராரில் 221 பேருக்கு ரணசிகிச்சை நடந்தது. மற்றதில் 54 பேருக்கே. ஈராண்டுக்குப்பின் உயிருடனிருந்தோர் முறையே நூற்றுக்கு 81.5, 84.9. கத்தியைக் குறைத்ததால் ஆயுள் குறையவில்லை. தோள் தூக்கவியலாது வருந்துவோர் இவ்வறுவையின் பின்விளைவை நன்கறிவர்.

ஆயினும் இம்முடிவை நம் நாட்டில் அப்படியே பெயர்த்து நடுவதை நாம் ஆமோதிக்க இயலாது. அங்கு சோதிக்கப்பட்டோரில் பெரும்பாலோர் தொண்டைப் புற்றுநோயினர். அவர்களிலும் பலருக்கு நோய் வைரஸ் தொடர்புடையது. இங்கோ புகையிலை தரும் வாய்ப் புற்றுநோயே பெரும் வாதை. அதற்குப் பெரும்பாலும் முதற்சிகிச்சையே கத்திதான். அறுத்து, வேறிடத்துச் சதையை ஒட்டிய வாயில் இயல்பான உருவம் மாறிவிடுவதால், எந்தப் படத்தையும் படிப்பது கடினம். சிகிச்சைக்குப்பின் எடுத்த முதற்படம் கையிலிருந்தால்தான் பிந்தியதை ஒப்பிடலாகும். ஏழை நோயாளி அதைத் தொலைக்காதபடி ஆஸ்பத்திரியே பாதுகாத்தல் வேண்டும்.

மேலும், பெட் படத்திற்கான மருந்தின் கதிரியக்கம் சுமார் 110 நிமிஷத்தில் பாதியாகிவிடும். அதைத் தயாரிக்கும் யந்திரத்திற்கு வெகு தூரத்திலுள்ள ஊர்களுக்கு அச்சோதனை வசதி எளிதில் எட்டாது. ஒலியலையால் கழுத்தைப் பார்த்து, ஐயமுள்ள முடிச்சில் மெல்லிய ஊசியிட்டு அணுக்களைச் சோதிக்கும் முறையோ செலவு குறைந்தது. தொண்டையின் ஆழத்தை அது காட்டாது. கழுத்து முடிச்சைக் காட்டும். ஒவ்வொரு ஜில்லா ஆஸ்பத்திரியிலும் இதற்குத் தேர்ந்தவரை நியமிக்க ஸர்க்கார் எந்தப் பெரிய யந்திரத்திற்காகவும் காத்திருக்க வேண்டியதில்லை.