கதையும் பாட்டும் படிக்க அயர்லாந்து உதவித்தொகை

வெளிநாட்டுப் படிப்பு என்றாலே நம் வீடுகளில் பேச்சு கம்ப்யூட்டர், இன்ஜினீயரிங், டாக்டர் என்ற மூன்றைத் தாண்டுவதில்லை. ஒரு நாட்டின் கதையையும் பாட்டையும் ஆட்டத்தையும் அங்கேயே போய்ப் படிக்கலாம், அதற்கும் உதவித்தொகை உண்டு என்றால், "இதெல்லாம் ஒரு படிப்பா?" என்று கேட்பவர்களே அதிகம். பி.ஏ. ஆங்கிலம் கடைசி வருஷம் படிக்கும் என் மூத்த மகள், அயர்லாந்தின் நாட்டுப்புறக் கதைகளை மேலே படிக்க ஆசைப்பட்டபோது என் மாமியாரும், "ஏண்டிம்மா, நான் சொல்லாத கதையா? அதுக்கா அவ்வளவு தூரம்?" என்றுதான் கேட்டார்.

நான் ப்ளஸ் டூவோடு நின்றவள். ஆனாலும் போ என்றோ, வேண்டாம் என்றோ சொல்வதற்கு முன் விஷயத்தைத் தெரிந்துகொள்ளலாமே என்று அவளோடு உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் படித்தேன்.

அடுப்படியில் பிழைத்த மொழி

அயர்லாந்தின் சொந்த மொழி ஐரிஷ். ஆங்கிலேயர் ஆட்சியில் செல்வாக்கு இழந்துகொண்டிருந்த அந்த மொழிக்கு, 1845-இல் தொடங்கிய உருளைக்கிழங்குப் பஞ்சம் பேரிடியாக வந்தது. சுமார் 10 லட்சம் பேர் மாண்டார்கள்; இன்னும் 10 லட்சம் பேர் கப்பலேறிப் போய்விட்டார்கள். ஐரிஷ் பேசிய ஏழைக் குடும்பங்களுக்குத்தான் அடி பலம். மிஞ்சிய மொழி பெரும்பாலும் மேற்குக் கடலோரக் கிராமங்களில் தங்கியது. இன்று ஐரிஷ் பேசும் பகுதிகளுக்கு 'கேல்டாக்ட்' என்று பெயர்.

கோடை விடுமுறையில் நகரத்துப் பிள்ளைகள் இந்தக் கிராமங்களுக்கு வந்து, மூன்று வாரம் போலத் தங்கி மொழி பழகுகிறார்கள். 1904-இல் கார்க் மாவட்டத்தில் தொடங்கிய கல்லூரிதான் இதற்கு முன்னோடி. பிள்ளைகள் தங்குவது ஹாஸ்டலில் என்று நினைக்காதீர்கள். பெரும்பாலும் கிராமத்து வீடுகளில்தான்! அந்த வீட்டுத் தலைவியை 'பான் அன் டீ' என்பார்கள். நம் பாஷையில் சொன்னால் 'வீட்டுக்காரம்மா'! சாப்பாடு போடுவது, துணிமணியைக் கவனிப்பது, ஐரிஷிலேயே பேச வைப்பது எல்லாம் அவர் பொறுப்பு. இதற்காக அரசாங்கமே அவருக்கு உதவிப் பணம் தருகிறது. சமைத்துப் போட்டுக்கொண்டே ஒரு மொழியைக் காப்பாற்றும் குடும்பத் தலைவிகள் என்றால் நமக்கும் பெருமைதானே?

பெய்க் பாட்டி

1873-இல் பிறந்த பெய்க் சேயர்ஸ் என்ற பெண்மணி, வாழ்க்கைப்பட்டுப் போனது பிளாஸ்கெட் என்ற சின்னஞ்சிறு தீவுக்கு. ஏட்டில் எழுதாமல் மனசிலேயே நூற்றுக்கணக்கான கதைகளை வைத்திருந்தார். அறிஞர்கள் படகேறிப் போய் அவர் வீட்டில் உட்கார்ந்து கேட்டு எழுதிக்கொண்டார்கள். அவர் சொல்லச் சொல்ல மகன் எழுதிய வாழ்க்கை வரலாறு 1936-இல் புத்தகமாக வந்தது. 1953-இல் அந்தத் தீவே காலியாகிவிட்டது. பெய்க் 1958-இல் காலமானார். கதைகள் மட்டும் அழியவில்லை.

1937, 38-இல் அயர்லாந்து அரசு இன்னொரு அருமையான காரியம் செய்தது. சுமார் 5,000 பள்ளிகளில் படித்த குழந்தைகளை, வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுக் கதை, வைத்தியம், பழக்கவழக்கம் எல்லாவற்றையும் நோட்டில் எழுதிவரச் சொன்னார்கள். அந்த நோட்டுகள் இன்று டப்ளின் பல்கலைக்கழகக் கல்லூரியில் பத்திரமாக இருக்கின்றன. நாட்டுப்புறவியல் படிக்கிறவர்களுக்கு அது பெரிய பொக்கிஷம். இசையும் நடனமும் பிடித்தவர்களுக்கு லிமெரிக் பல்கலைக்கழகத்தில் தனி அகாடமியே இருக்கிறது.

பணம் எப்படி?

நம் பிள்ளைகளும் விண்ணப்பிக்கக்கூடியது அயர்லாந்து அரசின் சர்வதேசக் கல்வி உதவித்தொகை. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே உள்ள நாட்டு மாணவர்களுக்கு வருஷத்துக்கு 60 பேர் என்ற கணக்கில் கொடுத்து வருகிறார்கள். ஓராண்டுக் கல்விக் கட்டணம் முழுவதும் தள்ளுபடி. கைச்செலவுக்கு 10,000 யூரோ. நம் பணத்தில் பத்து லட்சம் ரூபாய் போல. எந்தப் பாடமானாலும் சரி, கதைப் படிப்புக்கும் உண்டு. உலகம் முழுவதற்கும் 60 இடம்தான் என்பதால் போட்டி கடுமை.

அம்மாக்கள் கவனிக்க

* முதலில் அங்குள்ள கல்லூரியில் இடம் கிடைத்ததற்கான கடிதம் கையில் இருக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் உதவித்தொகைக்கு மனு. ஆகவே ஒரு வருஷம் முன்னதாகவே வேலையைத் தொடங்குங்கள்.

* பத்தாயிரம் யூரோ பெரிய தொகையாகத் தெரியும். விமானக் கட்டணம், அறை வாடகை, சாப்பாடு எல்லாம் அதற்குள்தான் அடங்க வேண்டும். டப்ளினில் வாடகை மிக அதிகம். வெளியூர்க் கல்லூரிகளையும் விசாரியுங்கள்.

* படிக்கும் காலத்தில் வாரம் 20 மணி நேரம் வேலை செய்ய அனுமதி உண்டு. ஆனால் அதை நம்பி மட்டும் கணக்குப் போட வேண்டாம்.

* உதவித்தொகை ஓராண்டுக்குத்தான். இரண்டு வருஷப் படிப்பு என்றால் மறு வருஷச் செலவுக்கு இப்போதே வழி பார்க்க வேண்டும்.

* மழையும் குளிர்காற்றும் அதிகம். நனையாத மேல்கோட்டு ஒன்று அவசியம்.

* சமையல் கற்றுக்கொடுத்து அனுப்புங்கள். அந்த ஊர் சோடா ரொட்டிக்கு ஈஸ்ட் கிடையாது. கோதுமை மாவில் சமையல் சோடாவும் மோரும் சேர்த்து உப்ப வைக்கிறார்கள். நம் பெண்களுக்குச் சுலபமாகக் கைவரும்!

"படித்துவிட்டு வந்தால் வேலை?" என்று கேட்பீர்கள். ஆசிரியர் பணி, ஆராய்ச்சி, அருங்காட்சியகம், பதிப்புத் துறை என்று வழிகள் உண்டு. ஆனால் இன்ஜினீயரைப் போல உடனே சம்பளம் வரும் என்று சொல்லமாட்டேன். அதைப் பிள்ளைகளிடம் மறைக்காமல் பேசிவிடுங்கள்.

மனுவில் 'ஏன் இந்தப் படிப்பு?' என்று எழுதச் சொல்வார்கள். அதை மட்டும் பிறரைக் கொண்டு எழுத விடாதீர்கள். பிள்ளையை உங்கள் எதிரே உட்காரவைத்து அதே கேள்வியை நீங்கள் கேளுங்கள். அம்மாவுக்குப் புரியும்படி பதில் சொல்ல முடிந்தால், தேர்வுக் குழுவுக்கும் புரியும்.