புகைக்குழாய்க்குள் ஒரு கைப்பிடிச்சுவர்

ஞாயிறு ஆராதனை முடிந்து வாகனத் தரிப்பிடத்தில் நம் வாலிபர் கூடி நின்றால், பேச்சு விரைவிலேயே கார் பக்கம் திரும்பிவிடும். யாருடைய கார் கூடுதலாக உறுமுகிறது, எந்தக் கராஜில் சைலென்சர் மாற்றிக் கொடுக்கிறார்கள், எவ்வளவு காசு எடுக்கிறார்கள் என்று கேள்விகள். சற்றுத் தள்ளி நிற்கும் அப்பாமாருக்கு வேறு கவலை. டீசல் காரின் முகப்பில் மஞ்சள் விளக்கு எரிகிறது. புகை வடிகட்டியை மாற்ற ஆயிரம் பவுணுக்கு மேல் கேட்கிறார்கள். "அதைக் குடைஞ்சு எடுத்துவிடுங்கோ அண்ணை, கொஞ்சக் காசோட அலுவல் முடிஞ்சிடும், எம்.ஓ.ரி.யும் பாஸாகும்" என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

ஒருவருக்கு ஓசை வேண்டும். மற்றவருக்குச் செலவு குறைய வேண்டும். இருவரும் கைவைப்பது ஒரே இடத்தில்தான். அந்தக் குழாய்க்குள் என்ன இருக்கிறது, அதை மாற்றினால் பிரித்தானியச் சட்டம் என்ன சொல்கிறது, விசுவாசிகளாகிய நாம் அதை எப்படிப் பார்க்க வேண்டும் என்பதை இந்த இதழில் சேர்ந்து சிந்திப்போம்.

குழாய்க்குள் இருப்பது என்ன?

எஞ்சினிலிருந்து வரும் புகை பின்பக்கத்தை அடையுமுன் சில பெட்டிகளைக் கடந்து வருகிறது. பெற்றோல் காரில் முக்கியமானது கட்டலிட்டிக் கன்வேர்ட்டர். தேன்கூடு போன்ற அதன் உட்பரப்பில் பிளாட்டினம், பலேடியம், ரோடியம் ஆகிய உலோகங்கள் மெல்லிய பூச்சாக இருக்கும். சூடேறியதும் இவை நச்சுத்தன்மையுள்ள காபனோரொட்சைட்டையும், எரியாத எரிபொருள் ஆவியையும், நைதரசன் ஒட்சைட்டுகளையும் காபனீரொட்சைட்டு, நீராவி, நைதரசன் வாயு ஆகியவையாக மாற்றிவிடுகின்றன. இரவில் தெருவில் நிற்கும் கார்களின் அடியிலிருந்து கள்வர் இந்தப் பெட்டியை அறுத்துக்கொண்டு போவதும் அந்த உலோகங்களின் விலைக்காகத்தான்.

டீசல் காரில் இன்னொரு பெட்டியும் உண்டு. கராஜ்களில் டி.பி.எவ். என்று சொல்லப்படும் துகள் வடிகட்டி அது. 2009 முதல் கட்டங்கட்டமாக நடைமுறைக்கு வந்த யூரோ 5 விதிகளுக்குப் பின் வந்த டீசல் கார்கள் ஏறத்தாழ எல்லாவற்றிலும் இது இருக்கிறது. பீங்கான் போன்ற பொருளால் ஆன அதன் நுண்ணிய சுவர்கள் கண்ணுக்குத் தெரியாத கரித்துகள்களைப் பிடித்து வைக்கின்றன. சேர்ந்த கரி, ஏறத்தாழ 600 பாகை செல்சியஸ் வெப்பத்தில் எரிந்து போகும். வடிகட்டி மறுபடி சுத்தமாகும்.

சிக்கல் வருவதும் இங்கேதான். அந்த வெப்பம் வருவதற்குக் கார் சற்று நீண்ட தூரம் சீரான வேகத்தில் ஓட வேண்டும். பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கி, தமிழ்க் கடையில் மரக்கறி வாங்கி, வீடு திரும்பும் ஓட்டத்தில் அது நடக்காது. 2001இல் அரசு வாகன வரியைக் காபனீரொட்சைட்டின் அளவுக்கேற்ப மாற்றியபோது டீசல் காருக்கு வரி குறைந்தது. எரிபொருளும் மிச்சம் என்று பல குடும்பங்கள் டீசலை நம்பி வாங்கின. நகரத்துக் குறுகிய ஓட்டத்துக்கு அந்தக் கார் பொருந்தாது என்பதைப் பிறகு அந்த மஞ்சள் விளக்கு சொல்லிக் கொடுத்தது.

கடைசியாக வருவது சைலென்சர். அதன் வேலை ஓசையை அடக்குவது. அதை எடுத்துவிட்டு நேர்க்குழாய் போடுவோர், உறுமல் இன்னும் கூடட்டும் என்று கட்டலிட்டிக் கன்வேர்ட்டரையும் சேர்த்தே எடுத்துவிடுவதுண்டு. அப்போது அது ஓசைப் பிரச்சினை மட்டுமல்ல, நச்சுப் பிரச்சினையாகவும் ஆகிவிடுகிறது.

சட்டம் சொல்வது

வாகனக் கட்டமைப்பும் பாவனையும் பற்றிய 1986ஆம் ஆண்டு ஒழுங்குவிதிகள் இரண்டையும் தடுக்கின்றன. தயாரிப்பாளர் பொருத்திய சைலென்சரை ஓசை கூடும்படி மாற்றி வீதியில் ஓட்டக்கூடாது. எந்த மாசுத் தரத்துக்கு ஏற்பக் கார் செய்யப்பட்டதோ அந்தத் தரத்தை அது இழக்கும்படி மாற்றி ஓட்டுவதும் குற்றம். இந்த இரண்டாவது குற்றத்துக்குக் காருக்கு 1,000 பவுண் வரையும், வானுக்கு 2,500 பவுண் வரையும் தண்டம் விதிக்கலாம். பொருள் விநியோக வேலைக்கு வான் ஓட்டும் நம் சகோதரர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

எம்.ஓ.ரி. பரிசோதனை 1960இல் பழைய வாகனங்களுக்காகத் தொடங்கியது. இன்று இங்கிலாந்தில் கார் மூன்று வயதை எட்டியதும் ஆண்டுதோறும் அது கட்டாயம். கட்டலிட்டிக் கன்வேர்ட்டர் இருக்க வேண்டிய காரில் அது இல்லாவிட்டால் கார் தேறாது. 2014 பெப்ரவரியிலிருந்து டி.பி.எவ். இருக்கிறதா என்றும் பார்க்கிறார்கள். 2018 மே மாதத்திலிருந்து, டி.பி.எவ். பொருத்திய காரிலிருந்து எந்த நிறத்தில் புகை கண்ணுக்குத் தெரிந்தாலும் கார் தேறாது. பெட்டி வெட்டித் திறக்கப்பட்டு மறுபடி ஒட்டப்பட்டிருந்தால், சுத்தம் செய்தது போன்ற தகுந்த காரணத்தைக் காட்டாதவரை பரிசோதகர் அந்தக் காரைச் சோதிக்கவே மறுக்க வேண்டும்.

காப்புறுதியையும் மறக்கக்கூடாது. காரில் செய்த மாற்றத்தை நிறுவனம் கேட்டும் சொல்லாமல் விட்டால், விபத்து நேரத்தில் இழப்பீட்டைக் குறைக்கவோ மறுக்கவோ அவர்களுக்கு இடமுண்டு. ஏற்கெனவே பெருந்தொகை கட்டும் இளம் சாரதிகளுக்கு இது சிறிய விஷயமல்ல.

வெளிக்கூடு மட்டும்

சட்டம் இவ்வளவு சொல்லியும், "எம்.ஓ.ரி. பாஸாகும்" என்று ஒருவர் துணிந்து சொல்வது எப்படி? அதற்கும் காரணம் உண்டு. பரிசோதகர் பெட்டியை வெளியிலிருந்து பார்க்கிறார். உள்ளே பார்க்க அவருக்கு வழியில்லை. ஆகவே உள்ளிருக்கும் வடிகட்டியைக் குடைந்து எடுத்துவிட்டு, கூட்டை மட்டும் திரும்பப் பொருத்திவிடுகிறார்கள். வடிகட்டி இல்லாதது கார்க் கணினிக்குத் தெரியாதபடி மென்பொருளையும் மாற்றுகிறார்கள். எம்.ஓ.ரி.யின் புகைச் சோதனை, மிக மோசமான நிலையில் உள்ள எஞ்சின்களைக் கண்டுபிடிக்க அமைக்கப்பட்டது. வடிகட்டி இல்லாத காரும் அதில் தேறக்கூடும் என்பதைப் போக்குவரத்து அமைச்சின் வழிகாட்டலே ஒப்புக்கொள்கிறது. லண்டன் முழுவதற்கும் 2023 ஓகஸ்ட் 29 முதல் விரிவாக்கப்பட்ட யூலெஸ் திட்டத்தின் கமெராவும் இலக்கத்தகட்டைத்தான் படிக்கிறது, புகையை அல்ல. தரத்துக்கு உட்பட்ட கார் என்று பதிவில் இருந்தால், நாளொன்றுக்கான 12.50 பவுண் கட்டாமலே அது உள்ளே போய்விடும்.

இது சிறிய கராஜ்களின் தந்திரம் மட்டுமல்ல. உலகப் பெருநிறுவனமான வொக்ஸ்வாகன், சோதனை நடப்பதைக் கண்டறிந்து அந்த நேரத்தில் மட்டும் புகையைக் குறைக்கும் மென்பொருளை ஏறத்தாழ 1 கோடியே 10 இலட்சம் டீசல் கார்களில் வைத்திருந்தது 2015 செப்டெம்பரில் அம்பலமானது. வீதியில் ஓடும்போது அவற்றுட் சில, அமெரிக்க எல்லையைவிட 40 மடங்கு வரை நைதரசன் ஒட்சைட்டுகளை வெளிவிட்டன. பத்திரிகையில் அதைப் படித்துக் கோபப்பட்டோம். நம் வீட்டு வாசலில் அதே காரியம் சிறிய அளவில் நடந்தால் அதைச் "சாமர்த்தியம்" என்று சொல்லலாமா?

மத்தேயு 23ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் கடிந்துகொண்டவர்கள், பாத்திரத்தின் வெளிப்புறத்தை மட்டும் துலக்கி வைத்தவர்கள். குடைந்த வடிகட்டியைச் சுமந்துகொண்டு எம்.ஓ.ரி. சான்றிதழ் வாங்கும் கார் அந்தப் பாத்திரத்துக்கு ஒரு நல்ல உதாரணம்.

இன்று பிடிபடாதது நாளை பிடிபடலாம் என்பதும் உண்மை. நம் உறவினர் பலர் வாழும் நெதர்லாந்தில் 2023 ஜனவரியிலும், ஜேர்மனியில் அதே ஆண்டு ஜூலையிலும் புகையிலுள்ள துகள்களை எண்ணும் கருவி பரிசோதனைக்கு வந்துவிட்டது. கூடு எவ்வளவு நேர்த்தியாக ஒட்டப்பட்டிருந்தாலும் அந்த எண்ணிக்கை காட்டிக்கொடுத்துவிடும். ஆனால் பிடிபடுவோம் என்ற பயத்தால் மட்டும் நேர்மையாக இருப்பது விசுவாசியின் நேர்மை அல்ல.

அந்தக் காற்றைச் சுவாசித்த பிள்ளை

தென்கிழக்கு லண்டனில் லூயிஷம் பகுதியில், வாகனங்கள் நிரம்பி வழியும் சவுத் சேர்க்குலர் வீதிக்கு மிக அருகில் எல்லா அடூ-கிஸ்ஸி-டெப்ரா என்ற சிறுமி வாழ்ந்தாள். கடுமையான ஆஸ்துமாவால் மூன்று ஆண்டுகளுக்குள் ஏறத்தாழ 30 தடவை மருத்துவமனையில் சேர்க்கப்பட்டாள். 2013 பெப்ரவரியில், ஒன்பது வயதில், இறந்துபோனாள். தாயார் ரோசமண்ட் விடவில்லை. முதல் விசாரணையின் முடிவை நீதிமன்றம் இரத்துச் செய்ய, 2020 டிசம்பரில் இரண்டாவது விசாரணை முடிந்தது. காற்று மாசும் அந்தப் பிள்ளையின் மரணத்துக்குக் காரணமானது, அந்த மாசு பெரும்பாலும் வாகனப் புகையிலிருந்து வந்தது என்று மரண விசாரணை அதிகாரி தீர்ப்பளித்தார். இந்த நாட்டில் ஒருவரின் மரணத்துக்கான காரணங்களில் காற்று மாசு பதிவானது அதுவே முதல் தடவை.

எந்த ஒரு காரையும் சுட்டிக்காட்டி, "இதுதான் காரணம்" என்று யாராலும் சொல்ல முடியாது. அந்த வீதியால் போன ஒவ்வொருவரும், "என் ஒரு காரால் என்ன வந்துவிடப் போகிறது?" என்று சொல்லியிருக்கலாம். எல்லாரும் அப்படிச் சொன்ன அந்தக் காற்றைத்தான் ஒரு பிள்ளை சுவாசித்தாள்.

கைப்பிடிச்சுவர்

உபாகமம் 22ஆம் அதிகாரத்தில், பலர் கவனிக்காமல் கடந்துபோகும் ஒரு கட்டளை இருக்கிறது. புதுவீடு கட்டுகிறவன் மொட்டைமாடியைச் சுற்றிக் கைப்பிடிச்சுவர் எழுப்ப வேண்டும். இல்லாவிட்டால் விழுகிறவனுடைய இரத்தப்பழி அந்த வீட்டின்மேல் வரும். யார் விழுவான் என்று வீட்டுக்காரனுக்குத் தெரியாது. ஒருவருமே விழாமலும் போகலாம். ஆனாலும் சுவர் வேண்டும். செலவு வீட்டுக்காரனுடையது, பாதுகாப்பு அயலானுடையது.

காரிலுள்ள வடிகட்டியும் அப்படிப்பட்ட ஒரு கைப்பிடிச்சுவர். அதனால் சாரதிக்குப் பெரிய இலாபம் எதுவும் இல்லை. எரிபொருள் சற்றுக் கூடுதலாகவே போகலாம், பராமரிப்புச் செலவும் உண்டு. அதன் பயன் எல்லாம் நடைபாதையில் தள்ளுவண்டியில் போகும் குழந்தைக்கும், பஸ் தரிப்பில் நிற்கும் அம்மம்மாவுக்கும். பிறனை நேசி என்ற கட்டளை நம் காரின் பின்பக்கத்தையும் எட்ட வேண்டும்.

செலவு கடினம் என்பதை மறுக்க முடியாது. வாடகையும் மின்சாரக் கட்டணமும் ஏறியிருக்கும் காலத்தில் ஆயிரம் பவுண் ஒரு குடும்பத்தை ஆட்டிவிடும். அப்படிப்பட்ட நேரத்தில் குற்றஞ்சாட்டுவது சபையின் வேலை அல்ல. நல்ல கராஜைக் காட்டுவதும், தேவையானால் கைகொடுப்பதும், சில நாள் ஞாயிறு ஆராதனைக்குக் கூட்டிக்கொண்டு வருவதும் நம் வேலை. அதுபோல, "இந்த வேலையை நான் செய்யமாட்டேன்" என்று வாடிக்கையாளரைத் திருப்பி அனுப்பும் விசுவாசியான மெக்கானிக் அன்றைய வருமானத்தை இழக்கிறார். அவரிடமே நம் காரைக் கொண்டுபோவது அவருக்கு நாம் கொடுக்கும் மரியாதை.

நாம் செய்யக்கூடியவை

விளக்கு எரிந்தவுடன் கவனியுங்கள். காரின் கைநூல் சொல்லும் முறையில் மோட்டர்வேயில் சீரான வேகத்தில் ஓட்டினால், ஆரம்பக் கட்டத்தில் கரி பல வேளைகளில் எரிந்துவிடும். தள்ளிப்போட்டால்தான் செலவு பெருகும். மாற்றுவதற்கு முன், கழற்றிச் சுத்தம் செய்ய முடியுமா என்று விசாரியுங்கள். டி.பி.எவ். காருக்கென்று குறிக்கப்பட்ட எஞ்சின் எண்ணெயையே பாவியுங்கள்.

பழைய கார் வாங்கும்போது இலக்கத்தை வைத்து அதன் எம்.ஓ.ரி. வரலாற்றை அரசின் இணையத்தளத்தில் இலவசமாகப் பாருங்கள். டி.பி.எவ். உள்ள டீசல் காரின் குழாய் நுனியில் கரி அப்பியிருந்தால் சந்தேகப்படுங்கள். பெட்டியில் ஒட்டு அடையாளம் உண்டா என்று தெரிந்தவர் ஒருவரைக் கொண்டு பார்ப்பியுங்கள். முந்திய சொந்தக்காரர் எடுத்துவிட்டிருந்தாலும், வீதியில் ஓட்டும்போது பொறுப்பு உங்களுடையது.

நகரத்துக்குள் மட்டும் ஓடுவதானால் பெற்றோல், ஹைபிரிட் அல்லது மின்கார் பற்றி யோசியுங்கள். சபை வாசலில் ஆட்களுக்காகக் காத்திருக்கும்போது எஞ்சினை நிறுத்துங்கள். வீதியில் தேவையின்றி எஞ்சினை ஓடவிட்டு, நிறுத்தச் சொல்லியும் நிறுத்தாதவருக்கு 20 பவுண் தண்டம் விதிக்க நகரசபைகளுக்கு அதிகாரம் உண்டு.

வாலிபர் கூட்டத்தில் கலந்துரையாட

1. யாருக்கும் தெரியாது, பரிசோதனையிலும் பிடிபடாது என்றால் ஒரு காரியம் சரியாகிவிடுமா?

2. நம் படிப்பிலும் வேலையிலும் "வெளிக்கூடு மட்டும்" வைத்திருக்கும் இடங்கள் எவை?

3. கார் திருத்தச் செலவால் தவிக்கும் ஒரு குடும்பத்துக்கு நம் வாலிபர் குழு எப்படி உதவலாம்?